மலைமுகட்டுக் குகைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் முகடுகளில் உள்ள சுண்ணாம்புக்கல் குகைகளுக்கு வழிகாட்டியோடு செல்லும் பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீரையும் குளிரையும் அச்சத்தையும் பற்றியே கேட்டிருந்தன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): குகை என்றால் ஆற்றோரத்திலோ கடலோரத்திலோ நீர் அரித்து உண்டாவது என்றே நினைத்திருந்தேன். பெய்த மழை உடனே வழிந்தோடிவிடும் மலைமுகட்டில், அதுவும் 1,500 மீட்டருக்கு மேலான உயரத்தில், இத்தனை பெரிய குகைகள் எப்படி உண்டாயின?

பதில்: மழைநீர் வழிந்தோடிவிடும் என்பது கருங்கல் மலைக்குப் பொருந்தும். சுண்ணாம்புக்கல் மலையின் மேல் நின்று சுற்றிப் பார்த்தால், எவ்வளவு மழை பெய்யும் இடமானாலும், ஓர் ஓடைகூடக் கண்ணில் படாது. பாறையின் மேல்பரப்பு முழுவதும் வரிவரியான பள்ளங்களும் வெடிப்புகளும் குழிகளுமாக இருக்கும். விழுகிற நீரெல்லாம் அவற்றின் வழியே உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கிய நீர் பல நூறு மீட்டர் கீழே, பள்ளத்தாக்கின் ஓரத்தில், பெரிய ஊற்றாகப் பொங்கி வெளிவரும். மேலே வறண்ட பாறை, கீழே வற்றாத ஊற்று. இரண்டுக்கும் இடையில் நீர் கடந்து வந்த பாதைதான் குகை.

மழைநீரும் பனி உருகிய நீரும் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்று மிக மெல்லிய அமிலமாகின்றன. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. ஓர் ஆண்டில் கரைவது கண்ணுக்கே தெரியாத அளவுதான் என்றாலும், இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஒரே வெடிப்பின் வழியே நீர் ஓடும்போது, முதலில் விரல் நுழையும் இடுக்கு, பிறகு ஆள் தவழும் சந்து, பிறகு பத்து ஆள் உயர மண்டபம் என்று அது விரிகிறது. பள்ளத்தாக்கை ஆறும் பனியாறும் ஆழமாக அறுத்துக்கொண்டே போக, நீரும் தன் பாதையை மேலும் மேலும் கீழே மாற்றிக்கொள்கிறது. அது கைவிட்டுச் சென்ற பழைய பாதைகள் உயரத்தில் வறண்டு நிற்கின்றன. முகட்டின் அருகே நாம் நுழையும் குகைகள் பலவும் அப்படி நீர் விட்டுச்சென்ற பழைய மாடிகளே.

இந்தப் பாறை உருவானதும் நீரில்தான். ஆஸ்திரியாவின் டாக்‌ஷ்டைன் மலையில் உள்ள சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பமான ஆழமற்ற கடலில் படிந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த பெரிய சிப்பிகளின் குறுக்குவெட்டு பாறைப்பரப்பில் மாட்டின் குளம்படி போலத் தெரிவதால், உள்ளூர் மக்கள் அதை 'மாட்டுக் காலடி' என்றே அழைக்கிறார்கள். வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்து அதைக் காட்டும்போது, பனிமலை உச்சியருகே கடலடியில் நிற்கிறோம் என்ற எண்ணம் வரும்; அந்தக் கணத்துக்காகவே ஒருமுறை போய்வரலாம் என்பது என் கருத்து.

கேள்வி (52 வயது வாசகர்): நான், மனைவி, பதினான்கு வயது மகள் மூவரும் போக விரும்புகிறோம். எங்களுக்குக் குகைப் பழக்கம் எதுவும் இல்லை. எந்த வகைப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வழிகாட்டியோடு செல்லும் பயணங்கள் இரண்டு வகை. படியும் கைப்பிடியும் அமைத்து, குழுக்குழுவாக அழைத்துச் சென்று காட்டும் குகை ஒரு வகை. எந்த அமைப்பும் செய்யாத குகைக்குள் தலைக்கவசமும் முழுவுடையும் அணிந்து, தவழ்ந்தும் ஏறியும் சில இடங்களில் கயிற்றில் இறங்கியும் செல்வது மற்றொன்று. நீங்கள் மூவரும் முதல் வகையில் தொடங்குங்கள்.

ஆஸ்திரியாவில் வெர்ஃபன் என்ற ஊருக்கு மேலே உள்ள ஐஸ்ரீசன்வெல்ட் குகை இதற்கு நல்ல தொடக்கம். 42 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குகையில் முதல் ஒரு கிலோமீட்டர் அளவில்தான் பனிக்கட்டி நிறைந்திருக்கிறது. பயணிகளுக்குக் காட்டுவதும் அந்தப் பகுதியைத்தான். வாயில் 1,641 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1879இல் ஆன்டன் போசெல்ட் என்பவர் சுமார் 200 மீட்டர் உள்ளே சென்று பார்த்தார். பிறகு பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அலெக்சாண்டர் ஃபொன் மோர்க் என்ற இளைஞர்தான் பனிச்சுவர்களைத் தாண்டி உட்பகுதிகளுக்கு வழி கண்டார். முதல் உலகப் போரில் 1914இல் அவர் இறந்த பிறகு, அவருடைய விருப்பப்படியே அவரது அஸ்திக் கலசத்தைக் குகைக்குள் ஒரு மாடத்தில் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே மின்விளக்கு இல்லை. சிலர் கையில் வாயுச் சுடரோடு எரியும் கார்பைடு விளக்கைக் கொடுத்து, வழிகாட்டி அங்கங்கே மெக்னீசியம் நாடாவைக் கொளுத்திப் பனிக்கட்டி உருவங்களைக் காட்டுவார். ஏறுவதற்கு 700 படிகள், இறங்குவதற்கு 700 படிகள் இருக்கின்றன. கோடையிலும் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கும். குகை வாயிலை அடையவே மலைப்பாதையில் ஏறி நடக்க வேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களும் இதயநோய் உள்ளவர்களும் படிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. அந்தப் பயணம் மூவருக்கும் பிடித்திருந்தால், அடுத்த முறை இரண்டு மூன்று மணி நேரத் தவழும் பயணத்துக்குப் பெயர் கொடுங்கள்.

கேள்வி (ஓர் ஆசிரியர்): குகைக்குள் ஆண்டு முழுவதும் ஒரே வெப்பநிலை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் சில குகைகளில் மட்டும் கோடையிலும் பனிக்கட்டி இருப்பது ஏன்?

பதில்: பாறையின் ஆழத்தில் உள்ள வெப்பநிலை, அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டி இருக்கும், உயரமான ஆல்ப்ஸ் குகைகளில் அது சில டிகிரி செல்சியஸ் மட்டுமே. பனிக்கட்டிக் குகைகளில் இதற்கு மேல் காற்றும் சேர்ந்துகொள்கிறது. மலையின் கீழே ஒரு வாயும் மேலே சில திறப்புகளும் உள்ள குகை ஒரு புகைபோக்கியைப் போல இயங்கும். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் மேலெழுந்து வெளியேற, உறைபனிக் காற்று கீழ்வாய் வழியே உள்ளே இழுபட்டு, வாயிலை ஒட்டிய பாறையை ஆழமாகக் குளிர்விக்கிறது. வசந்தத்தில் பனி உருகி வெடிப்புகளில் இறங்கும் நீர் அந்தக் குளிர்ந்த பாறையைத் தொட்டதும் உறைந்துவிடுகிறது. கோடையில் காற்றோட்டம் திசை மாறி, உள்ளிருக்கும் குளிர்காற்று கீழ்வாய் வழியே வெளியே வீசுகிறது; வெளி வெப்பம் உள்ளே நுழைய இடமில்லை. கோடையில் குகைக் கதவைத் திறந்ததும் கையிலுள்ள விளக்கை அணைக்கும் அளவுக்குக் காற்று அடிப்பது இதனால்தான்.

மாணவர்களுக்குச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆல்ப்ஸ் குகைகள் பலவற்றில் இந்தப் பனிக்கட்டி குறைந்து வருகிறது. குளிர்காலம் போதிய குளிரோடு இல்லாவிட்டால் பாறை குளிர்வதில்லை. பாறை குளிராவிட்டால் வசந்தத்து நீர் உறைவதில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி): சென்ற கோடையில் மிகுந்த ஆவலோடு ஒரு குகைப் பயணத்துக்குச் சென்றோம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனாலும் வழிகாட்டி அரை மணி நேரம் உள்ளே அழைத்துச் சென்றுவிட்டு, ஓரிடத்தில் நீரைப் பார்த்தவுடன் திரும்பச் சொல்லிவிட்டார். கட்டணத்திலும் பாதிதான் திரும்பக் கிடைத்தது. இது நியாயமா?

பதில்: கட்டணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பயணம் பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்களைத் திருப்பியழைத்து வந்த வழிகாட்டியின் முடிவு முற்றிலும் சரியானது என்றே நான் நினைக்கிறேன். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் ஒருமுறை அப்படித் திரும்பி வந்தவன்.

குகைக்குள் வரும் நீர், வாயிலின் மேலே தெரிகிற சரிவில் பெய்யும் மழை மட்டும் அன்று. டாக்‌ஷ்டைன் பீடபூமியில் 1950களில், சாயமேற்றிய நுண்ணிய வித்துகளை மேலே உள்ள துளைகளில் இட்டு, அவை எந்த ஊற்றுகளில் வெளிவருகின்றன என்று ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் இட்டவை மலையின் வெவ்வேறு பக்கங்களில் இருந்த ஊற்றுகளில் கிடைத்தன. மேலே தெரியும் மலைமுகட்டை நிலத்தடி நீர் தன் எல்லையாகக் கொள்வதில்லை. ஆகவே முகட்டுக்கு அப்பால், உங்கள் கண்ணுக்கே படாத இடத்தில் பெய்த இடிமழை, சில மணி நேரம் கழித்து உங்கள் காலடியில் வந்து நிற்கக்கூடும். மேகமே இல்லாத நாளிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கோடையின் தொடக்கத்தில் வெயில் ஏறஏற மேலே உள்ள பனி உருகுகிறது. காலையில் கணுக்கால் அளவு இருந்த நீரோட்டம் பிற்பகலில் இடுப்பளவு ஆகிவிடுவதற்கு அந்த வெயிலே போதும். தெளிந்த வானத்தைப் பார்த்து நீங்கள் மகிழ்ந்த அதே நேரத்தில் உங்கள் வழிகாட்டி கவலைப்பட்டிருப்பார்.

இதைவிட முக்கியமானது குகைப்பாதையின் வடிவம். பாதை ஓரிடத்தில் தாழ்ந்து மறுபடி மேலேறினால், அந்தத் தாழ்வான பகுதியில் நீர் கூரையைத் தொட்டவுடன் கதவு சாத்தியதுபோல் ஆகிவிடும். அதற்கு அப்பால் இருப்பவர்கள் நீர் வடியும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். சுவிட்சர்லாந்தின் முவோட்டா பள்ளத்தாக்கில் உள்ள ஹோல்லொக் குகையில் 1952 ஆகஸ்டில் நடந்தது அதுதான். அந்தக் குகையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவரும் சுண்ணாம்புக்கல் கரைவதைப் பற்றிய ஆய்வில் பெரும் பெயர் பெற்றவருமான ஆல்ஃபிரெட் போக்லியும் அவருடைய தோழர்கள் மூவரும் வெள்ளத்தால் அடைபட்டு, பத்து நாள்கள் கழித்தே வெளியே வந்தார்கள். அந்தக் குகையை அவரைவிட நன்றாக அறிந்தவர் அன்று அனேகமாக யாரும் இல்லை. அவருக்கே அந்த நிலை என்றால், நீரைப் பார்த்துத் திரும்புகிற வழிகாட்டியை எப்படிக் குறை சொல்வது?

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நாங்கள் ஒரு நீரோட்டத்தைக் கடந்தபோது, வழிகாட்டி நீர் முடியும் விளிம்பில் வெள்ளையான ஒரு கூழாங்கல்லை வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இருபது நிமிடம் ஒரு மண்டபத்தைக் காட்டிவிட்டு, எங்களை அங்கேயே நிற்கச் சொல்லித் தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கல்லைக் காணவில்லை, புறப்படுங்கள்" என்றார். கல் நீருக்குள் போயிருந்தது. அடுத்த பகுதியில்தான் நாங்கள் காண வந்த பெரிய அருவி இருந்தது. அதைக் காணாமலேயே திரும்பினோம். நாம் கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பங்கு அந்தக் கூழாங்கல்லை வைக்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் என்று அன்றுமுதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (மற்றொரு வாசகர்): கைப்பேசியும் குகையின் வரைபடமும் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு?

பதில்: சில மீட்டர் பாறைக்குக் கீழே போனதும் கைப்பேசிக்கு இணைப்பு கிடைக்காது, செயற்கைக்கோளை நம்பி இருப்பிடம் காட்டும் கருவியும் பயன்படாது. வரைபடம் பாதையைக் காட்டும், அன்றைய நீரைக் காட்டாது. மேலும், ஒரு சந்திப்பிலிருந்து திரும்பி வரும்போது அதே இடம் முற்றிலும் வேறு இடம்போலத் தோன்றும். பழகியவர்கள் போகும்போதே அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவதைக் கவனித்திருக்கிறேன். ஆஸ்திரியாவில் குகை வழிகாட்டிகளுக்கென்று அரசுத் தேர்வே இருக்கிறது. எந்த நாட்டுக்குச் சென்றாலும், வழிகாட்டி என்ன பயிற்சி பெற்றிருக்கிறார், ஒரு குழுவில் எத்தனை பேர், திரும்பும் நேரம் தவறினால் யாருக்குச் செய்தி போகும் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு உடனே பதில் சொல்லாதவரோடு போகாதீர்கள்.

கேள்வி (இளம் வாசகர்): என்ன உடை, என்ன விளக்கு?

பதில்: பருத்தி ஆடை வேண்டாம். அது நனைந்தால் உலராது. குகைக்குள் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ முழு அளவில் இருப்பதால், நனைந்த ஆடை காயாமல் உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை ஆடை, அதன் மேல் நிறுவனம் தரும் முழுவுடை, கணுக்காலை மூடும் பிடிப்பான காலணி, கையுறை, தலைக்கவசத்துக்குள் அணிய மெல்லிய தொப்பி ஆகியவை போதும். காரில் மாற்றுடை ஒரு செட் இருக்கட்டும்.

விளக்கைப் பொறுத்தவரை குகைக்காரர்களின் பழைய விதி, ஆளுக்கு மூன்று விளக்குகள் என்பது. முதன்மை விளக்கு தலைக்கவசத்தில் இருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு பாறையில் ஏற முடியாது. வழிகாட்டியின் பயணத்தில் உங்களிடம் ஒன்றுதான் தருவார்கள் என்றால், சிறிய தலைவிளக்கு ஒன்றைப் புதிய மின்கலத்தோடு நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): மின்தூக்கியில் போகவே எனக்கு மூச்சு முட்டுகிறது. மகன் வற்புறுத்துகிறான். போகலாமா?

பதில்: அடைபட்ட இடத்தைப் பற்றிய அச்சத்தை யாரும் ஏளனம் செய்யக் கூடாது; முதலில் மகனிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மலைக்குகைகளில் பெரிய மண்டபங்களும் நிறைய இருக்கின்றன. படி அமைத்த குகை ஒன்றில், வாயிலுக்கு அருகில் உள்ள பகுதிவரை மட்டும் சென்று பாருங்கள். மூச்சு முட்டுவதாகத் தோன்றினாலும், காற்றோட்டமுள்ள குகையில் காற்றுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. இதை அறிவது சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு உதவுவதில்லை. தவழும் பயணமானால், எந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வர முடியாது என்று வழிகாட்டியிடம் புறப்படும் முன்பே கேளுங்கள். போன வழியே திரும்பும் பாதையில் எந்த நேரத்திலும் நின்றுவிடலாம். ஒருபுறம் கயிற்றில் இறங்கி மறுபுறம் வெளியேறும் பாதையில் அது முடியாது. அந்த இரண்டாம் வகைக்கு இப்போது போக வேண்டாம் என்பதே என் பதில். மகன் வழிகாட்டியோடு போகட்டும். நீங்கள் மேலே அவனுக்காகக் காத்திருக்கலாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற அலுவலர்): உள்ளே ஒருவருக்குக் கால் முறிந்தால் என்ன செய்வார்கள்?

பதில்: குகைக்குள் நடக்க முடியாமல் போன ஒருவரைத் தூக்கி வருவது, அவர் உள்ளே செல்ல எடுத்துக்கொண்ட நேரத்தைப் போலப் பல மடங்கு ஆகும். ஜெர்மனியின் ஊன்டர்ஸ்பெர்க் மலையில் உள்ள ரீசன்டிங் குகையில் 2014 ஜூனில், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், தேர்ந்த ஆய்வாளர் ஒருவரின் தலையில் பாறை விழுந்தது. தலைக்கவசம் அணிந்திருந்தும் கடும் காயம். ஐந்து நாடுகளைச் சேர்ந்த 700க்கும் மேற்பட்டோர் உழைத்து, பதினொரு நாள்கள் கழித்து அவரை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். வழிகாட்டிப் பயணங்கள் அத்தனை ஆழத்துக்குப் போவதில்லை. ஆனாலும் சிறு சுளுக்குகூட உள்ளே பெரிய சிக்கல் என்பதால்தான், குதிக்காதே, ஓடாதே என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். காத்திருக்கும் நேரத்தில் காயத்தைவிடக் குளிரே வேகமாக ஆளை வீழ்த்தும்; வழிகாட்டியின் பையில் வெப்பம் காக்கும் போர்வை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (பள்ளி மாணவர்): உடைந்து தரையில் கிடக்கும் கல்விழுதை எடுத்துவரலாமா? தொட்டுப் பார்த்தால் என்ன?

பதில்: எடுக்கக் கூடாது. உடைந்து கிடப்பதும் அந்தக் குகையின் வரலாறுதான். எப்போது, எதனால் உடைந்தது என்று ஆய்வாளர்கள் அதிலிருந்தே கணிக்கிறார்கள். தொடவும் வேண்டாம். கூரையிலிருந்து தொங்கும் கல்விழுது பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் வளர்கிறது. உன் கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் நீர் ஒட்டாமல் போகும், அழுக்கும் நிலைத்துவிடும். உயரமான குகைகளில் மேலே மண்ணும் செடிகொடியும் குறைவாக இருப்பதால் நீரில் கரியமில வாயுவும் குறைவு. ஆகவே கல்விழுதுகளே அரிது. அப்படிப்பட்ட இடத்தில் பெரிய விழுது ஒன்றைக் கண்டால், அது இன்றையதைவிட வெதுவெதுப்பான பழங்காலம் ஒன்றில் வளர்ந்ததாக இருக்கக்கூடும்.

சுவரில் வெண்ணெய் தடவியதுபோல மெத்தென்ற வெள்ளைப் படிவு தெரிந்தால் அது நிலாப்பால். சுவிட்சர்லாந்தின் பிலாட்டுஸ் மலையில் உள்ள குகையொன்றில் கிடைத்த இதைக் கொன்ராட் கெஸ்னர் என்ற அறிஞர் 1555இலேயே எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். ஒரு விரல் பட்டாலே தடம் பதிந்துவிடும் அளவுக்கு மென்மையானது. பார்த்துவிட்டு வந்து வரைந்து பார்.

கேள்வி (விலங்கு ஆர்வலர் ஒருவர்): பயணத்துக்கு முன் உடைகளைக் கொதிநீரில் கழுவச் சொன்னார்கள். எதற்கு?

பதில்: வௌவால்களுக்காக. குளிரை விரும்பும் ஒரு பூஞ்சை, குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்களின் மூக்கிலும் இறக்கையிலும் வெண்மையாகப் படர்ந்து அவற்றை இடையில் விழிக்கச் செய்கிறது. உணவு இல்லாத காலத்தில் விழித்த வௌவால் சேமித்த கொழுப்பைச் செலவழித்து இறந்துவிடுகிறது. 2006இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்த வெண்மூக்கு நோய், வட அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. ஐரோப்பாவிலும் அதே பூஞ்சை உண்டு. அங்குள்ள வௌவால்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே ஐரோப்பியக் குகையில் பயன்படுத்திய காலணியையும் உடையையும் அப்படியே வேறு கண்டத்துக் குகைக்குக் கொண்டுபோவது பெரும் தவறு. 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் 20 நிமிடம் மூழ்கவைத்தால் பூஞ்சை அழியும். சேற்றை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகு வெந்நீரில் இடுங்கள்.

கேள்வி (கடைசியாக வந்த கடிதம்): ஹோல்லொக் குகைக்குள் இரவு தங்கும் பயணங்கள் குளிர்காலத்தில்தான் நடக்கின்றன என்று அறிந்தேன். பனி கொட்டும் காலத்தில் ஏன்?

பதில்: நீரைப் பற்றிய கேள்விக்குச் சொன்ன பதிலின் மறுபக்கம் இது. 200 கிலோமீட்டருக்கும் மேல் அளந்து முடித்த அந்தக் குகையில், கோடை மழைக்குப் பிறகு நீர்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் மேலே உள்ள சுண்ணாம்புக்கல் வெளி முழுவதும் பனியால் மூடி உறைந்துவிடுவதால், உள்ளே இறங்கும் நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது உள்ளே 6 டிகிரி அளவில் இருக்கும் என்பதால், நுழைந்தவுடன் கதகதப்பாகவே தோன்றும். ஆனால் குளிர்காலத்திலும் இடையில் திடீரென்று வெப்பம் ஏறிப் பனிமேல் மழை பெய்தால் பயணத்தை ஒத்திவைப்பார்கள். ஆகவே பயணநாளுக்குப் பிறகு ஓரிரு நாள்களைக் கையில் வைத்துக்கொண்டு விடுப்பு எடுங்கள்.